பிக்ஃபுட் தேடிப் போகிறவர்கள் கொண்டுவருவது எப்போது ஆதாரமாகும்?

"நண்பர்கள் நாலு பேர் சேர்ந்து வாஷிங்டன் மாநிலத்துக் காட்டில் ஒரு வாரம் பிக்ஃபுட் தேடப் போகிறோம். ஐந்து தானியங்கிக் கேமரா, தடத்தை வார்த்தெடுக்க பிளாஸ்டர், ராத்திரிச் சத்தத்தைப் பதிய ஒரு ரெக்கார்டர் எல்லாம் வாங்கியாகிவிட்டது. என்ன கொண்டுவந்தால் விஞ்ஞானிகள் ஒத்துக்கொள்வார்கள்? பட்டம் இல்லாத ஆட்கள் என்று தூக்கிப் போட்டுவிடுவார்களா?" என்று கேட்டிருக்கிறீர்கள். பிக்ஃபுட், அதாவது வட அமெரிக்கக் காடுகளில் இரண்டு காலில் நடமாடுவதாகச் சொல்லப்படும் ராட்சதக் குரங்கு போன்ற உருவம், இருக்கிறதா இல்லையா என்பது உங்கள் கேள்வி இல்லை. காட்டிலிருந்து எடுத்துவரும் ஒரு பொருள், நம்பாத ஆளையும் வாயடைக்க வைக்கும் ஆதாரமாக எந்தக் கட்டத்தில் மாறுகிறது என்பதுதான் கேள்வி என்று எடுத்துக்கொள்கிறேன். நான் பல வருடமாகக் காட்டுவிலங்குக் கணக்கெடுப்பு வேலையில் இருப்பவன். தடம், எச்சம், முடி, கேமரா, இதுதான் பிழைப்பு. பிக்ஃபுட் தேடி ஒருநாளும் போனதில்லை. மரபணு ஆய்வகத்துக்குள் உட்கார்ந்து வேலை பார்த்தவனும் இல்லை, மாதிரியை அனுப்பிவிட்டு முடிவுக்குக் காத்திருக்கிற பக்கத்து ஆள். அந்த அளவுக்குத்தான் என் பேச்சுக்கு மதிப்பு. ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன், அப்படியொரு விலங்கு இல்லை என்றுதான் நான் நினைக்கிறேன். ஆனால் உங்கள் தேடலை உருப்படியாக நடத்த நீங்கள் என்னோடு ஒத்துப்போக வேண்டிய அவசியம் இல்லை.

முதலில் பட்டம் விஷயம். வுல்வரின் என்று ஒரு விலங்கு உண்டு, நீர்நாய்க் குடும்பத்தைச் சேர்ந்தது, சின்னக் கரடி மாதிரி இருக்கும், ஆள் கண்ணில் படுவது ரொம்ப அபூர்வம். மிச்சிகன் மாநிலத்தில் அது இல்லாமல் போய் ஏறக்குறைய 200 வருடம் ஆகியிருந்தது. 2004-இல் கயோட்டி (ஓநாய் மாதிரி, ஆனால் சின்ன விலங்கு) வேட்டைக்காரர்கள் சிலர் ஒன்றைப் பார்த்தார்கள். அப்புறம் ஒரு பள்ளி ஆசிரியர் சொந்தமாகக் கேமரா வைத்து, இறைச்சி கட்டி, வருடக்கணக்கில் அதன் பின்னாலேயே அலைந்து படம் எடுத்தார். 2010-இல் மலையேறப் போனவர்கள் அது செத்துக் கிடப்பதைக் கண்டார்கள். இதில் யாரும் விஞ்ஞானி இல்லை, யாரும் தூக்கிப் போடவும் இல்லை. கலிஃபோர்னியாவில் 2008-இல் நடந்தது இன்னும் சுவாரசியம். டாஹோ தேசியக் காட்டில் மார்ட்டன் என்ற சிறு விலங்கைப் படிக்க ஒரு ஆராய்ச்சி மாணவி வைத்த கேமராவில், தேடாமலே ஒரு வுல்வரின் விழுந்தது. அந்த மாநிலத்தில் 1922-க்குப் பிறகு உறுதியான பதிவே இல்லாத விலங்கு. உடனே முடியும் எச்சமும் சேகரித்தார்கள், மரபணுவைப் பார்த்து அது ராக்கி மலைப் பக்கத்திலிருந்து வந்தது என்று சொல்லிவிட்டார்கள்.

இன்னொன்று, 2011 ஜூனில் கனெக்டிகட் மாநிலத்தில் நெடுஞ்சாலையில் கார் மோதிச் செத்த ஆண் பூமா (அமெரிக்காவின் பெரிய காட்டுப்பூனை). அங்கே பூமாவே கிடையாது என்று அதிகாரிகள் சொல்லிக்கொண்டிருந்த இடம். மரபணு பார்த்தால் தெற்கு டகோட்டாவின் பிளாக் ஹில்ஸ் பகுதியில் பிறந்தது. 2,400 கிலோமீட்டருக்கு மேல் நடந்து வந்திருக்கிறது. வழியில் மினசோட்டாவிலும் விஸ்கான்சினிலும் கிடைத்திருந்த எச்சமும் முடியும் அதே ஆளுடையதுதான். இதை நான் இவ்வளவு நீட்டிச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. மூன்று கதையிலும் இருப்பது ஒற்றை விலங்கு. ஜோடி இல்லை, குட்டி இல்லை, வழிதவறி வந்த தனி ஆள். அந்த ஒரு ஆள்கூட படம், முடி, எச்சம், இரண்டு இடத்தில் பிணம் என்று எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் போயிருக்கிறது. பிக்ஃபுட் என்று ஒன்று தலைமுறை தலைமுறையாக இருந்துகொண்டிருக்க வேண்டுமானால் நூற்றுக்கணக்கில் இருக்க வேண்டும், ஒவ்வொன்றும் கரடியைவிடப் பெரிது. "காடு பெரியது, எலும்பெல்லாம் எலி கொறித்துவிடும், மண் அரித்துவிடும்" என்பார்கள். எலும்பு சீக்கிரம் மறைவது உண்மைதான், காட்டில் கரடி எலும்பே அடிக்கடி கிடைப்பதில்லை. ஆனால் கரடி ரோட்டைக் கடக்கும்போது வண்டியில் அடிபடுகிறது, அதற்கு எலியும் மண்ணும் ஒன்றும் செய்ய முடியாது.

இனி உங்கள் பட்டியலுக்கு வருவோம். தடம். இந்தக் கதையே தடத்தில் தொடங்கியதுதான்: 1958-இல் வடக்கு கலிஃபோர்னியாவின் பிளஃப் க்ரீக் பக்கம் ரோடு போட்டுக்கொண்டிருந்த புல்டோசர் ஓட்டுநர் ஜெர்ரி க்ரூ 16 அங்குலத் தடங்களை வார்த்தெடுத்துக் காட்ட, உள்ளூர்ப் பத்திரிகையில் 'பிக்ஃபுட்' என்று செய்தி வந்து நாடு முழுக்கப் பரவியது. அந்த வேலையை ஒப்பந்தம் எடுத்திருந்த ரே வாலஸ் 2002-இல் இறந்தபோது, மரத்தில் செதுக்கிய பெரிய பாதங்களை அவர் குடும்பத்தார் எடுத்துக் காட்டி, அது அவர் செய்த விளையாட்டு என்றார்கள். பிறகு கிடைத்த எல்லாத் தடமும் அந்தக் கட்டையால் போட்டதில்லை என்று தேடுபவர்கள் சொல்வார்கள், அது நியாயம்தான். வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் க்ரோவர் க்ரான்ட்ஸ், ஐடஹோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஜெஃப் மெல்ட்ரம் போன்ற உடற்கூறு தெரிந்தவர்களே சில வார்ப்புகளில் தோல்வரி இருக்கிறது, பாதத்தின் நடுவில் மடிப்பு இருக்கிறது, இது போலியாகச் செய்யக் கூடியதில்லை என்று வாதாடியிருக்கிறார்கள். ஆனால் உலர்ந்த நுண்மண்ணில் பிளாஸ்டரை ஊற்றினால் மண் நீரை வேகமாக உறிஞ்சும்போது வார்ப்பின்மேல் தானாகவே கைரேகை மாதிரி வரி விழும் என்று பிற்பாடு செய்தே காட்டிவிட்டார்கள். செய்து காட்டியவர் பல்கலைக்கழக ஆள் இல்லை, உங்களைப் போல ஆர்வத்தில் இறங்கியவர்.

கரடித் தடம் தனிப் பாடம். கறுப்புக் கரடியின் பின்னங்காலுக்கு ஐந்து விரல், குதிகால் எல்லாம் உண்டு. நடக்கும்போது முன்னங்கால் தடத்தின்மேல் பின்னங்கால் பாதி ஏறி விழுந்தால் இரண்டும் சேர்ந்து ஒரே நீண்ட மனிதப் பாதம் போலத் தெரியும், நகக்குறி பல நேரம் விழவே விழாது. அதனால் பெரிய விரல் எந்தப் பக்கம் இருக்கிறது என்று முதலில் பாருங்கள்: மனிதருக்கு உள்பக்கம், கரடிக்கு வெளிப்பக்கம். பனியில் இருக்கிற தடம் வெயிலில் உருகினால் விரிந்துகொண்டே போகும், நேற்று நரி நடந்தது இன்று ராட்சசன் நடந்தது போல இருக்கும். எல்லோரும் செய்வது, நூறு தடத்தில் நன்றாக இருக்கும் ஒன்றை மட்டும் வார்த்து எடுத்துவருவது. அதைச் செய்யாதீர்கள். வரிசை எங்கே தொடங்கி எங்கே முடிகிறதோ அதுவரை, அசிங்கமாக இருக்கும் தடத்தையும் சேர்த்து, ஒவ்வொன்றையும் அளவுகோல் பக்கத்தில் வைத்து நேர்மேலிருந்து படம் எடுத்து, அடிக்கு அடி தூரம் அளந்து எழுதுங்கள். நாலாவது தடத்திலேயே முன்னங்காலும் பின்னங்காலும் தனித்தனியாகப் பிரிந்து கரடி வெளியே வந்துவிடும், பாதி நேரம். அப்படியும் பிரியாமல் போனாலும் தடம் மட்டும் வைத்து யாரும் ஒரு புது விலங்கை ஒத்துக்கொள்ள மாட்டார்கள், நானும் மாட்டேன், ஏனென்றால் கட்டையாலும் தடம் போடலாம். அங்கே முடியோ எச்சமோ தேடலாம் என்று காட்டுகிற குறியாக மட்டும் தடத்தை வைத்துக்கொள்ளுங்கள்.

2000-ஆம் வருடம் உங்கள் வாஷிங்டனிலேயே, கிஃபோர்ட் பின்ஷோ தேசியக் காட்டில், ஒரு தேடல் குழு சேற்றின் நடுவில் பழங்களை வைத்துவிட்டுப் போனது, வந்து எடுக்கும் விலங்கின் தடம் விழட்டும் என்று. யோசனை நல்ல யோசனை. காலையில் பார்த்தால் காலடித் தடத்துக்குப் பதிலாக ஏதோ ஒன்று படுத்துக் கையை நீட்டியது போல ஒரு பெரிய பதிவு. ஸ்கூகம் வார்ப்பு என்று அதற்குப் பெயர். மெல்ட்ரம் உட்படச் சிலர் அதைப் பெரிய குரங்கினம் என்றார்கள், சேற்றில் படுத்து எழுந்த எல்க் மான் என்றார்கள் மற்றவர்கள். நான் படங்களை வைத்துச் சொல்வதானால் எல்க் பக்கம்தான் நிற்பேன். அதைவிட முக்கியம், அந்தச் சேற்றைப் பார்க்கும்படி ஒரு கேமராவைத் திருப்பி வைத்திருந்தால் இந்த வாதமே வந்திருக்காது.

சத்தத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. ஆந்தை, எல்க், நரி, கயோட்டி, பூமா எல்லாம் ராத்திரியில் போடும் சத்தம் பழகாதவருக்கு மயிர்க்கூச்செறியும். மரத்தில் கட்டையால் தட்டிவிட்டுப் பதில் வருகிறதா என்று காத்திருப்பது தேடல் குழுக்களின் வழக்கம். பதில் தட்டு வந்தால், அடுத்த பள்ளத்தாக்கில் வேறொரு குழு உட்கார்ந்து அதே வேலையைச் செய்துகொண்டிருக்கலாம் என்பதையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். ரெக்கார்டரை எடுத்துப் போங்கள், தப்பில்லை, ஆனால் பழைய ஒலிப்பதிவுகளைச் சத்தமாகப் போட்டுக் காட்டைக் குழப்பாதீர்கள். 1967 அக்டோபர் 20-ஆம் தேதி ரோஜர் பேட்டர்சனும் பாப் கிம்லினும் பிளஃப் க்ரீக்கில் எடுத்த, ஒரு நிமிடத்துக்கும் குறைவான அந்தப் படத்தை யாராவது நிச்சயம் கொண்டுவருவார்கள். கேமரா நொடிக்கு எத்தனை படச்சட்டம் (ஃபிரேம்) ஓடியது என்று யாருக்கும் உறுதியாகத் தெரியாததால் நடையின் வேகத்தை வைத்து எந்தப் பக்கமும் முடிவு சொல்ல முடியாது. உடை போட்டு நடந்தது நான்தான் என்று பிற்பாடு ஒருவர் சொன்னார், அதையும் மறுக்கிறார்கள். 50 வருடத்துக்கு மேல் பார்த்தும் தீராத ஒரு படம் இனிமேலும் தீராது, அதில் நேரம் செலவழிக்காதீர்கள்.

நேரில் பார்த்தேன் என்கிறவர்களைப் பொய்யர்கள் என்று சொல்ல எனக்கு மனம் வராது. பெரும்பாலானவர்கள் எதையோ உண்மையிலேயே பார்த்திருக்கிறார்கள். எதை என்பதுதான் கேள்வி. 2009-இல் ஒரு ஆய்வுக் குழு மேற்குக் கரையோர மாநிலங்களில் பதிவான பிக்ஃபுட் காட்சிகளையும் தடங்களையும் வைத்து அதன் வாழிடத்தை வரைபடமாகக் கணித்தபோது, அது கறுப்புக் கரடியின் வரைபடத்தோடு அப்படியே ஒட்டிப்போனது. 2024-இல் வெளியான இன்னொரு ஆய்வு, மக்கள்தொகையையும் காட்டின் பரப்பையும் கணக்கில் எடுத்த பிறகும், ஒரு பகுதியில் 1,000 கரடி கூடினால் காட்சி அறிக்கைகள் சராசரியாக 4 சதவீதம் கூடுவதாகக் கண்டது. கரடி நிமிர்ந்து நிற்கும். காயம்பட்ட கரடி நிமிர்ந்து நடக்கவும் செய்யும். நியூ ஜெர்சியில் முன்னங்கால் ஊனமான ஒரு கரடி இரண்டு காலில் நடந்தே தெருத்தெருவாகப் போனதை நிறையப் பேர் படம் பிடித்திருக்கிறார்கள். சொறி பிடித்து முடி கொட்டிய கரடியைப் பார்த்தால் கரடி என்றே தோன்றாது. 2007-இல் பென்சில்வேனியாவில் ஒரு வேட்டைக்காரரின் கேமராவில் விழுந்த ஒல்லியான உருவம் குட்டிப் பிக்ஃபுட் என்று ஊரெல்லாம் பேசியபோது, மாநில வனவிலங்குத் துறை அது சொறி பிடித்த கரடிதான் என்றது. ஆனால் கரடி ஆய்வுகள் சொல்வது மொத்தப் போக்கைத்தான், ஒவ்வொரு காட்சியையும் இல்லை. கரடி இனப்பெருக்கமே இல்லாத மாநிலங்களிலிருந்தும் அறிக்கைகள் வருகின்றன, அங்கே கரடியைக் குற்றம் சொல்ல முடியாது.

உங்கள் ஐந்து கேமராவுக்கு வருகிறேன், உங்களுக்கு உண்மையிலேயே உதவக் கூடியது இதுதான். ஐந்து கேமரா, ஏழு இரவு, மொத்தம் 35 கேமரா இரவு. ஒன்றுமே விழவில்லை என்று வைத்துக்கொள்வோம். அதற்கு என்ன அர்த்தம்? கணக்கெடுப்பில் நாங்கள் பயன்படுத்தும் எளிய கணக்கு ஒன்று உண்டு: n முறை பார்த்து ஒருமுறையும் கிடைக்காவிட்டால், ஒரு முறைக்கான வாய்ப்பு ஏறக்குறைய 3/n-க்கு மேல் இருக்காது என்று 95 சதவீத உறுதியோடு சொல்லலாம். 35 இரவுக்கு அது 8 சதவீதத்துக்கும் மேல். அதாவது, பன்னிரண்டு நாளுக்கு ஒருமுறை ஒவ்வொரு கேமராவையும் கடந்துபோகும் விலங்கு இருந்தாலும் நீங்கள் வெறுங்கையோடு திரும்பியிருக்கலாம், உங்கள் வெறுங்கைக்கு அர்த்தமே இல்லை. அதே ஐந்து கேமராவை மூன்று மாதம் விட்டுவைத்தால் 450 இரவு, வாய்ப்பு ஒரு சதவீதத்துக்கும் கீழே இறங்கும், அப்போது 'இங்கே இல்லை' என்று சொல்வதில் கொஞ்சம் பொருள் வரும். பக்கத்துப் பக்கத்து இரவுகளும் பக்கத்துப் பக்கத்துக் கேமராக்களும் ஒன்றையொன்று சாராதவை என்று எடுத்துக்கொண்டு போட்ட கணக்கு இது, நிஜத்தில் அவ்வளவு சுத்தமாக இருக்காது, அதனால் இன்னும் கொஞ்சம் கூடுதலாகவே தேவைப்படும். கூடவே கரடி, பூமா, எல்க் எத்தனை முறை விழுந்தன என்று எழுதி வையுங்கள். அந்தப் பெரிய விலங்குகளே உங்கள் கேமராவில் விழாவிட்டால் கேமரா வைத்த இடம் சரியில்லை, பிக்ஃபுட்டைப் பற்றி அது எதுவுமே சொல்லவில்லை. தேடப் போகிறவர்கள் பெரும்பாலும் இந்த ஏட்டை எழுதுவதே இல்லை. அவர்களுடைய தேடல் 'ஆமாம்' என்று மட்டும் சொல்லத் தெரிந்த தேடலாக இருக்கிறது. எனக்கு அவர்களிடம் இருக்கும் குறை இதுதான், பட்டம் இல்லாதது இல்லை.

அப்புறம் முடி. முடிந்தால் எல்லாவற்றையும்விட இதில் நேரம் போடுங்கள். 2004-இல் மொன்டானாவின் கிளேசியர் தேசியப் பூங்காவிலும் அதைச் சுற்றியும், மரங்களுக்கிடையே முள்கம்பி கட்டி நடுவில் வாசனை வைத்து, மரத்தில் கரடி முதுகு தேய்க்கும் இடங்களிலும் முடி சேகரித்து, ஒரு கரடியைக்கூடப் பிடிக்காமல் 30,000-க்கும் மேற்பட்ட முடி மாதிரிகளை எடுத்தார்கள், கிரிஸ்லி கரடிகள் 765 என்று மதிப்பிட்டார்கள். முடி உள்ள எந்தப் பெரிய விலங்கும் முடியை விட்டுவிட்டுத்தான் போகும். பிக்ஃபுட் முடி என்று வந்தவற்றின் வரலாற்றையும் பாருங்கள். 1976-இல் பீட்டர் பைர்ன் என்ற தேடலாளர் தோல் ஒட்டிய 15 முடிகளை எஃப்பிஐ ஆய்வகத்துக்கு அனுப்பினார், அவர்கள் மதித்துப் பார்த்து, மான் முடி என்றார்கள். 2014-இல் ஆக்ஸ்ஃபோர்டின் பிரையன் சைக்ஸ் உலகம் முழுக்கவிருந்து பிக்ஃபுட், யெட்டி (இமயமலைப் பனிமனிதன்) என்று வந்த முடிகளில் 30-இன் மரபணுவைப் படித்தார். கரடி, குதிரை, மாடு, நாய் அல்லது ஓநாய், ரக்கூன், முள்ளம்பன்றி, மான், ஒன்று மனிதர். இமயமலை மாதிரிகள் இரண்டு பழங்காலத் துருவக் கரடியோடு ஒத்துப்போவதாக அவர் எழுதியது பரபரப்பானது, மற்றவர்கள் திரும்பப் பார்த்து அது அங்கே இருக்கும் பழுப்புக் கரடிதான் என்றார்கள். 2017-இல் யெட்டி என்று சொல்லப்பட்ட ஒன்பது மாதிரிகளைப் பார்த்த இன்னொரு குழுவுக்குக் கிடைத்தது எட்டு கரடியும் ஒரு நாயும். 'யாரும் சோதித்துப் பார்ப்பதே இல்லை' என்ற புகார் அப்படி ஒன்றும் உண்மையில்லை.

ஓடைத் தண்ணீரிலும் மண்ணிலும் உதிர்ந்து கிடக்கும் மரபணுவைத் தேடும் முறை இப்போது வந்திருக்கிறது, நீங்களும் ஆசைப்படுவீர்கள். குரங்கினத்தைத் தேடும்போது அதில் ஒரு பெரிய தொல்லை, தண்ணீரை அள்ளுகிற நீங்களே குரங்கினம். 'மனிதரை ஒத்த, ஆனால் முழுக்க ஒத்துப்போகாத' மரபணு கிடைத்தது என்று யாராவது அறிவித்தால் கெட்டுப்போன மனித மரபணுவைத்தான் நான் முதலில் சந்தேகப்படுவேன். சீனாவில் வாழ்ந்த ஜைகான்டோபிதிகஸ் என்ற ராட்சதக் குரங்கு பிழைத்து அமெரிக்கா வந்தது என்பார்கள். அது இரண்டு லட்சம் வருடங்களுக்கு முன்பே அழிந்தது, ஒராங்குட்டானின் உறவு, ஆசியாவுக்கு வெளியே அதன் ஒரு பல்கூடக் கிடைத்ததில்லை.

கிளம்பும் முன் சில விஷயம். தேசியப் பூங்கா எல்லைக்குள் அனுமதியில்லாமல் எதையும் சேகரிக்கக் கூடாது, முடி, எச்சம்கூட. தேசியக் காடுகளில் கேமராவுக்கும் இரை வைப்பதற்கும் இடத்துக்கு இடம் விதி மாறும், அங்குள்ள வனச்சரக அலுவலகத்தில் கேட்டுவிட்டுப் போங்கள். வேட்டைப் பருவமாக இருந்தால் ஆரஞ்சு நிற உடை கட்டாயம், கரடி ஸ்பிரே எப்போதும் கைக்கெட்டும் இடத்தில். விளையாட்டுக்குக்கூட உங்களில் யாரும் உடை மாட்டிக்கொண்டு ரோட்டுப் பக்கம் நிற்க வேண்டாம்; 2012-இல் மொன்டானாவில் ஒருவர் பிக்ஃபுட் மாதிரி வேஷம் போட்டு நெடுஞ்சாலையில் நின்று கார் மோதிச் செத்தார். இன்னொன்று, வாஷிங்டன் மாநிலத்தின் ஸ்கமேனியா கவுன்டிக்கு (மாவட்டம் மாதிரி) போவதானால், அங்கே 1969-லேயே பிக்ஃபுட்டைக் கொல்வது குற்றம் என்று சட்டம் போட்டிருக்கிறார்கள்.

முடி கிடைத்தால் கையுறை போட்டு, சுத்தமான இடுக்கியால் எடுத்து, ஒவ்வொன்றையும் தனித்தனிக் காகித உறையில் போடுங்கள். பிளாஸ்டிக் பை வேண்டாம், ஈரம் தங்கினால் மரபணு கெட்டுவிடும், உறைகளோடு சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றைப் போட்டு வையுங்கள். வேர் ஒட்டிய முடியை விட்டுவிடாதீர்கள், அதில்தான் அதிகத் தகவல் கிடைக்கும். உங்கள் நாலு பேரின் எச்சில் மாதிரியையும் கூடவே கொடுங்கள், உங்கள் மரபணு கலந்திருந்தால் பிரித்தெடுக்க உதவும். ஆய்வகத்துக்கு அனுப்பும்போது எது எங்கே கிடைத்தது என்ற குறிப்பை நீங்களே வைத்துக்கொண்டு உறைமேல் எண் மட்டும் எழுதுங்கள். நடுவில் உங்கள் வீட்டு நாயின் முடியையும், தெரிந்த கரடி முடி கிடைத்தால் அதையும் எண் போட்டுச் சேர்த்துவிடுங்கள். அந்த இரண்டையும் அவர்கள் சரியாகச் சொன்னால் மூன்றாவதைப் பற்றி அவர்கள் சொல்வதையும் நீங்கள் நம்பலாம். கடிதத்தில் பிக்ஃபுட் என்ற பெயரையே எழுத வேண்டாம், எந்தப் பாலூட்டி என்று சொல்லுங்கள் என்று மட்டும் கேளுங்கள்.